எஃப்ஜே க்ரூஸரில் ஏ-ட்ராக் இயங்க மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டொயோட்டா எஃப்ஜே க்ரூஸர் இந்தியாவில் ஷோரூம் வழியாக வந்த வண்டி இல்லை. வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற இடங்களில் ஓடுகிறது. அங்கே பழைய வண்டியாக வாங்கி, சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் போட்டு மணலுக்கும் மலைக்கும் கொண்டுபோகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது ஏ-ட்ராக்கில்தான், அதாவது பிடிமானம் இழந்து சுற்றும் சக்கரத்தைத் தடுத்து வண்டியை நகர்த்தும் வசதியில். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியாது, அல்லது மீட்டர் போர்டில் மூன்று மஞ்சள் விளக்குகள் சேர்ந்து எரியும். உடனே ஏபிஎஸ் ஆக்சுவேட்டர் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் யூனிட்) போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள், பெரிய தொகைக்கு எஸ்டிமேட் வரும். அந்தப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இதை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் உடைந்த பாகம் எதுவும் இருக்காது. ஏ-ட்ராக் கேட்கும் நிபந்தனை ஒன்று நிறைவேறாமல் இருக்கும், அல்லது சென்சார் தன் பூஜ்ஜியத்தை மறந்திருக்கும்.

ஏ-ட்ராக் செய்யும் வேலை இதுதான்: காற்றில் தொங்கி வெறுமனே சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் தடையே இல்லாமல் சுற்றினால் மறுபக்கத்துக்கும் ஒன்றும் போகாது. சுற்றுகிற சக்கரத்தை பிரேக் தடுத்தவுடன் தரையில் பிடிமானம் உள்ள மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போய் வண்டி நகரும். எச்4-இல் (நான்கு சக்கர ஓட்டம், சாதாரண கியர்) வேலை செய்யும் சாதாரண ட்ராக், அதாவது சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் வசதி, பிரேக்கோடு சேர்த்து எஞ்சின் சக்தியையும் குறைக்கும். ஏ-ட்ராக் எஞ்சினை அடக்காது. மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

தேவையான சாமான்கள் குறைவு. 20 செ.மீ. நீளமுள்ள 0.5 சதுர மி.மீ. வயர் ஒன்று, இரு முனையிலும் 1 செ.மீ. உரித்து முறுக்கியது. ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச். மலிவான ஓபிடி ரீடர் (வண்டியில் செருகிப் பழுதைப் படிக்கும் கருவி) எஞ்சின் கோடுகளை, அதாவது பழுதைக் குறிக்கும் எண்களை மட்டும் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் போகாது. அதனால் கீழே வரும் வயர் முறைதான் நமக்குக் கை கொடுக்கும்.

அறிகுறி: பொத்தானை அமுக்கினால் விளக்கே எரியவில்லை, வேறு எச்சரிக்கை விளக்கும் இல்லை

பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏ-ட்ராக் எல்4-இல் (நான்கு சக்கர ஓட்டம், லோ கியர்) மட்டும்தான் ஏற்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் முழுவதும் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, ட்ரான்ஸ்ஃபர் லீவரை எல்4-க்குத் தள்ளுங்கள். 4எல்ஓ விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்த பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும். பலர் லீவரைத் தள்ளியதுமே டி-க்குப் போட்டுவிடுகிறார்கள். பல்சக்கரம் முழுதாகச் சேராமல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் நியூட்ரலில் வைத்து வண்டியை ஓரடி முன்னும் பின்னும் உருள விட்டால் பல் சேர்ந்துகொள்ளும்.

லீவர் எல்4-இல் உட்கார்ந்து, வண்டியும் லோ கியரில் ஊர்கிறது, ஆனால் 4எல்ஓ விளக்கு வரவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேலுள்ள எல்4 ஸ்விட்சைப் பாருங்கள். ஆற்றைக் கடந்த வண்டிகளில் அதன் கனெக்டரில் பச்சைப் பூஞ்சைபோல அரிப்பு பிடித்திருக்கும். கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்விட்சின் இரு முனைக்கும் இடையே தொடர்ச்சி பாருங்கள். எல்4-இல் ஒரு மாதிரியும் எச்4-இல் வேறு மாதிரியும் காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி காட்டினால் ஸ்விட்ச் செத்துவிட்டது.

பின் டிஃபரென்ஷியல் லாக் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் லாக்கும் ஏ-ட்ராக்கும் ஒன்றாக வேலை செய்யாது. லாக்கைப் போட்டால் ஏ-ட்ராக் ஒதுங்கிக்கொள்ளும்.

வண்டியில் ஏ-ட்ராக் பொத்தானே இல்லையா? எல்லா எஃப்ஜேவிலும் அது வராது. பொத்தானை மட்டும் வாங்கி மாட்டினால் ஏ-ட்ராக் வந்துவிடாது. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் கணினியான ஸ்கிட் கன்ட்ரோல் ஈசியூவுக்குள் அந்தச் செயல்பாடு இருந்தாக வேண்டும். அதை உறுதிசெய்யாமல் வயரை வெட்டாதீர்கள்.

அறிகுறி: பின் லாக் போட்டதும் ஏபிஎஸ், விஎஸ்சி ஆஃப் விளக்குகள் எரிகின்றன

இது பழுது இல்லை. விஎஸ்சி என்பது வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் அமைப்பு. பின் அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட நிலையில் ஏபிஎஸ்ஸால் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது, அதனால் அது விலகி நிற்கிறது. லாக்கை எடுத்து, நேராகச் சில அடி உருட்டினால் விளக்குகள் அணைய வேண்டும். எல்4-இல் விஎஸ்சி ஆஃப் எரிவதும் இயல்புதான்.

அறிகுறி: செக் எஞ்சின், விஎஸ்சி ட்ராக், விஎஸ்சி ஆஃப் மூன்றும் ஒன்றாக எரிகின்றன

கோளாறு பிரேக்கில் இல்லை, எஞ்சின் பக்கம். எஞ்சின் ஈசியூவில் ஏதாவது கோடு விழுந்தால், அது தரும் தகவலை நம்பக் கூடாது என்று ஸ்கிட் கன்ட்ரோல் ஈசியூ ட்ராக்‌ஷனை நிறுத்திவிடும். மலிவான ரீடரே இங்கே போதும். பி0455 அல்லது பி0456 வந்தால் பெட்ரோல் ஆவிக் கசிவு. முதலில் டேங்க் மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா பார்த்து, துடைத்து, 'டிக்' சத்தம் வரும்வரை மூடுங்கள். தூசி அதிகமுள்ள இடங்களில் அந்த வளையத்தில் நுண்மணல் ஒட்டி மூடி சரியாக உட்காராமல் போகும். கோடை அழித்ததும் மூன்று விளக்குகளும் போய்விட்டால் வேலை முடிந்தது. இந்த ஒரு மூடிக்காக ஏபிஎஸ் யூனிட்டை மாற்றியவர்கள் உண்டு என்பதுதான் வேதனை.

அறிகுறி: செக் எஞ்சின் இல்லை, விஎஸ்சி ட்ராக் மட்டும் எரிகிறது. பேட்டரி கழற்றிய பின், சஸ்பென்ஷன் உயர்த்திய பின், அல்லது வீல் அலைன்மென்ட் செய்த பின் தொடங்கியது

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் வேகம் கூடுகிறது என்பதை அளக்கும் யா ரேட் மற்றும் ஆக்சிலரேஷன் சென்சார், நடுக் கன்சோலுக்கு அடியில் தரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. சமதளத்தில் நிற்கும் நிலைதான் அதற்குப் பூஜ்ஜியம். முன்பக்கத்தை இரண்டரை, மூன்று அங்குலம் தூக்கினால் வண்டியின் மூக்கு மேலே போய்விடுகிறது, சென்சாரின் பழைய பூஜ்ஜியம் பொருந்தாமல் போகிறது. அதைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதைத்தான் ஜீரோ பாயின்ட் கேலிப்ரேஷன் என்கிறார்கள். கையால் செய்யலாம், பதினைந்து நிமிட வேலை.

முதலில் இடம். சரிவு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எஃப்ஜேவின் வீல்பேஸ் 2,690 மி.மீ., ஆக முன் டயரும் பின் டயரும் நிற்கும் மட்டத்தில் 2.7 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் கூடாது. வீட்டு வாசல், சாலையோரம் இதற்குப் பெரும்பாலும் தேறாது, மழைநீர் ஓட அங்கே சரிவு வைத்திருப்பார்கள். அடித்தளப் பார்க்கிங்கில் கூட நடுக்கால்வாயை நோக்கி வாட்டம் இருக்கும். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஓடாமல் தேங்கினால் அந்த இடம் சரி. நான்கு டயரிலும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்கட்டும். ஸ்டியரிங் நேராக, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-இல், மேனுவல் என்றால் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கோடு. வண்டிக்குள் யாரும் அசையக் கூடாது, கதவைத் திறந்து அடைக்கக் கூடாது.

அடுத்து கனெக்டர். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் 16 துளைகள் கொண்ட ஓபிடி கனெக்டர் இருக்கும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அகலப் பக்கத்தை மேல்பக்கமாக வைத்துப் பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலம் 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. நமக்கு வேண்டியவை 4, 12, 13. நான்காவது சிஜி, அதாவது எர்த். பன்னிரண்டாவது டிஎஸ், அதற்கு நேர் கீழே இருக்கும். பதின்மூன்றாவது டிசி, டிஎஸ்ஸுக்குப் பக்கத்தில். கீழ் வரிசைக் கடைசியிலுள்ள 16-இல் எப்போதும் பேட்டரி 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அதையும் 4-ஐயும் இணைத்தால் ஃபியூஸ் போகும். தலைகீழாகக் குனிந்து பார்ப்பதால்தான் எண்களை மாற்றி எண்ணிவிடுகிறார்கள். வயரைச் செருகும் முன் மீட்டரால் இரண்டு சோதனை செய்யுங்கள்: 4-இலிருந்து பாடி எர்த்துக்குத் தொடர்ச்சி இருக்க வேண்டும், 16-இல் 12 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் நீங்கள் எண்ணியது சரி. தடித்த பேப்பர் கிளிப்பைத் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கவ்வி விரிந்துவிட்டால் பிறகு ஸ்கேனர் கூட ஒழுங்காகத் தொடர்பு கொள்ளாது.

பழைய பூஜ்ஜியத்தை அழிப்பது:

1. சாவியை ஆனில் வையுங்கள், எஞ்சினை இயக்க வேண்டாம்.
2. வயரின் ஒரு முனை 4-இல் செருகியபடியே இருக்கட்டும். மறுமுனையால் 12-ஐ 8 விநாடிக்குள் நான்கு முறைக்கு மேல் தொட்டு எடுங்கள். அவசரமாக உரசாமல் ஒவ்வொரு தொடுதலும் தெளிவாக இருக்கட்டும். ஐந்தாறு முறை தொட்டாலும் பரவாயில்லை.
3. விஎஸ்சி விளக்கு எரிந்தால் பழைய பதிவு அழிந்தது. உடனே சாவியை அணையுங்கள்.

புதிய பூஜ்ஜியத்தைப் பதிவது:

4. சாவி அணைந்த நிலையிலேயே 4-ஐயும் 12-ஐயும் வயரால் இணைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.
5. சாவியை ஆனில் வைத்து, கையைக் காலை அசைக்காமல் இருங்கள். குறைந்தது 2 விநாடி போதும், ஆனால் பத்து வரை எண்ணுவது நல்லது.
6. விஎஸ்சி விளக்கு முதலில் சில விநாடி நிலையாக எரிந்து, பிறகு படபடவென வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். அப்படிச் சிமிட்டினால் பதிவாகிவிட்டது.
7. சாவியை அணைத்து, அதன் பிறகே வயரை எடுங்கள். எஞ்சினை இயக்கினால் விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

இதில் பலர் சறுக்குவது மூன்றாம் படியில். அழித்த பிறகு வயர் இல்லாமலே சாவியை ஆனில், கியர் பி-இல் 15 விநாடிக்கு மேல் விட்டுவிட்டால், வண்டி தானாகவே யா ரேட்டின் பூஜ்ஜியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆக்சிலரேஷன் பூஜ்ஜியம் காலியாகவே கிடக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் போகாது. அப்போது முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். சிமிட்டவே இல்லையென்றால் பெரும்பாலும் இடம் சரிவாக இருக்கும், அல்லது வயர் 12-க்குப் பதில் பக்கத்துத் துளையில் போயிருக்கும்.

சரியாகச் செய்தும் ஒரு வாரத்தில் திரும்ப எரிந்தால் சென்சாரின் பிடிப்பைப் பாருங்கள். கன்சோலுக்குள் ஃபிரிட்ஜ் பெட்டியோ ஆம்ப்ளிஃபயரோ பொருத்தியவர்கள் அந்த பிராக்கெட்டைக் கழற்றி, அரைகுறையாக முறுக்கி விட்டிருப்பார்கள். சென்சார் ஆடினால் பூஜ்ஜியம் நிலைக்காது.

அறிகுறி: விளக்கு எரிகிறது, காரணம் தெரியவில்லை

வயரை இப்போது 4-க்கும் 13-க்கும் இடையில் செருகி, சாவியை ஆன் செய்யுங்கள். ஏபிஎஸ், விஎஸ்சி விளக்குகள் கோடைச் சிமிட்டிச் சொல்லும். ஏர்பேக், செக் எஞ்சின் விளக்குகளும் கூடவே சிமிட்டும், பயப்பட வேண்டாம், எல்லா ஈசியூக்களும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. பத்தின் இடத்து எண் முதலில், அரை விநாடிக்கு ஒரு சிமிட்டல். பிறகு ஒன்றரை விநாடி இடைவெளி, அதன் பின் ஒன்றின் இடத்து எண். மூன்று சிமிட்டல், இடைவெளி, ஒன்பது சிமிட்டல் என்றால் 39. அடுத்த கோடுக்கு முன் இரண்டரை விநாடி, மொத்த வரிசையும் திரும்பத் தொடங்கும் முன் நான்கு விநாடி. இடைவெளியே இல்லாமல் கால் விநாடிக்கு ஒரு முறை ஒரே சீராகச் சிமிட்டினால் கோடு ஏதும் இல்லை. ஃபோனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தவறாமல் எண்ணலாம்.

எந்த விளக்கு சிமிட்டுகிறது என்பது எண்ணைப் போலவே முக்கியம். ஏபிஎஸ் விளக்கில் 31 என்றால் வலது முன் சக்கரத்தின் வேக சென்சார், விஎஸ்சி விளக்கில் அதே 31 என்றால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார். ஏபிஎஸ்ஸில் 51 பம்ப் மோட்டார், விஎஸ்சியில் 51 எஞ்சின் பக்கக் கோளாறு, அதாவது மேலே சொன்ன டேங்க் மூடிக் கதை. இதைக் கவனிக்காமல் பம்ப் மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ஏபிஎஸ் விளக்கில் 31 வலது முன், 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். வலது, இடது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது. 41 என்றால் வோல்டேஜ் குறைவு. 49 என்றால் பிரேக் விளக்கு ஸ்விட்ச் சர்க்யூட் திறந்திருக்கிறது. விஎஸ்சி விளக்கில் 36 யா ரேட் பூஜ்ஜியம் பதியவில்லை, 39 ஆக்சிலரேஷன் பூஜ்ஜியம் பதியவில்லை. இரண்டுக்கும் மேலே சொன்ன கேலிப்ரேஷனே மருந்து.

சரிசெய்த பிறகு கோடை அழிக்க, 4-13 இணைப்பு இருக்கும்போதே சாவி ஆனில் பிரேக் பெடலை 5 விநாடிக்குள் 8 முறைக்கு மேல் மிதியுங்கள். வேகம் வேண்டும், முழுதாக மிதிக்கவும் வேண்டும்.

அறிகுறி: 31 முதல் 34 வரை ஏதோ ஒன்று, பெரும்பாலும் வண்டியை உயர்த்திய பிறகு

சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் வயரைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் வயர் மேல் கன்ட்ரோல் ஆர்மை ஒட்டி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு இறங்குகிறது. லிஃப்ட் செய்தபின் சக்கரம் தொங்கும்போது அது வில் நாண்போல இழுபடும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வயரில் தளர்வு இல்லையென்றால் கிளிப்பைக் கழற்றி இடம் மாற்றிக் கட்ட வேண்டும். மேலுறை முழுசாக இருந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும், விரலால் நெரித்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென மடங்கும். சென்சாரைப் பிடித்திருப்பது 10 மி.மீ. தலை கொண்ட ஒரே போல்ட், 8 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் முறுக்கினால் நூல் போகும். துருப்பிடித்து இறுகிய சென்சாரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் தலை உடைந்து உடல் உள்ளேயே நின்றுவிடும். துரு நீக்கி அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, இடவலமாக அசைத்து எடுங்கள்.

பேரிங் மாற்றிய உடனே கோடு வந்ததென்றால் சென்சாரைக் குறை சொல்லாமல், பேரிங் வேலையில்தான் தேட வேண்டும்.

அறிகுறி: கோடு 49, எல்இடி பல்பு போட்ட பின் வந்தது

பிரேக் மிதிக்காத நேரத்தில் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று ஈசியூ பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லா பிரேக் பல்புகளையும் எல்இடி ஆக்கிவிட்டால் அந்தப் பாதை இல்லாமல் போகும். ஒரு பல்பையாவது பழைய இழை பல்பாக மாற்றிப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் ஸ்டாப் ஃபியூஸையும் பெடல் ஸ்விட்சையும் சோதியுங்கள்.

அறிகுறி: கோடு 41

வின்ச் இழுத்த பிறகு வந்திருந்தால் பேட்டரி. எஞ்சின் நின்ற நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள்.

அறிகுறி: ஏ-ட்ராக் விளக்கு எரிகிறது, ஆனால் வண்டி நகரவில்லை

இங்கே ஓட்டும் முறைதான் பிரச்சினை. சக்கரம் சுற்றத் தொடங்கி, வேக வித்தியாசம் தெரிந்த பிறகுதான் ஏ-ட்ராக் பிரேக் பிடிக்கும். ஆக்சிலரேட்டரைச் சீராக, 1,500 முதல் 2,000 சுற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். 'க்ரக்-க்ரக்-க்ரக்' என்று கீழிருந்து கடகடக்கும் சத்தம் வரும், பெடலும் அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்தால் அது ஆரம்பித்த வேலை அங்கேயே நின்றுவிடும். சத்தத்தோடு சத்தமாக ஓரிரு விநாடி பொறுங்கள், பிடிமானமுள்ள சக்கரம் மெல்லத் தள்ளத் தொடங்கும்.

சத்தமே வரவில்லை, முன் சக்கரங்கள் இரண்டும் அசையவே இல்லை என்றால் முன் அச்சைச் சேர்க்கும் ஏடிடி ஆக்சுவேட்டரைச் சந்தேகியுங்கள். நான்கு சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். மாதக்கணக்கில் எச்2-இலேயே (பின் சக்கர ஓட்டத்திலேயே) ஓட்டிய வண்டிகளில் அது இறுகிப்போகும். மாதம் 16 கிலோமீட்டராவது நான்கு சக்கர ஓட்டத்தில் ஓட்டச் சொல்லி டொயோட்டா கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அதைச் செய்யாமல், மண் சாலையில் செய்யுங்கள்.

அறிகுறி: நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, நடுவில் பஸ்ஸர் அடித்து நின்றுவிட்டது

பிரேக் சூடேறிவிட்டது. ஒரே ஏற்றத்தில் பத்து நிமிடம் போராடினால் சுற்றும் சக்கரத்தின் டிஸ்க் பழுக்கக் காயும், சிஸ்டம் தன்னைக் காத்துக்கொள்ள விலகும். வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் பேட் கனத்தையும் பிரேக் ஆயில் மட்டத்தையும் பாருங்கள்.

அறிகுறி: மணலில் எச்4-இல் வண்டி மூச்சு முட்டி நிற்கிறது

பாகத்தில் கோளாறு ஏதும் இல்லை. மணலில் வேகம்தான் உயிர், சாதாரண ட்ராக் அந்த வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. மணல் குன்றுக்குள் நுழையும் முன் விஎஸ்சி ஆஃப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து ட்ராக்கையும் விஎஸ்சியையும் அணையுங்கள், டயர் காற்றையும் குறையுங்கள். ஏ-ட்ராக் பாறைக்கும் குறுக்குப் பள்ளத்துக்கும் செய்யப்பட்டது, மிருதுவான மணலில் அதை நம்பி இறங்க வேண்டாம். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறக்காமல் விஎஸ்சியைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் எதையும் சோதிக்காமல் வண்டியை நிறுத்துங்கள்: ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால். ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா, ஆயில் மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு போகவில்லை என்றால் முன், பின் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். வேகமாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் முதலில் பூட்டி வண்டி சுழலும். அங்கிருந்து டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.